சொந்தச் சமயமா, எல்லாச் சமயங்களுமா? பள்ளிச் சமயபாடம் பற்றி ஓர் ஒப்பீடு

மகளுக்கு செகண்டரி பள்ளிக்கூடம் தேடி முடித்து ஓராண்டு ஆகிறது. பரீட்சைப் பெறுபேறு, தூரம், பஸ் வழி இவையெல்லாம் எல்லாரும் பார்ப்பவை. நான் அதிகம் மினக்கெட்டது சமயபாடத்தில்தான். இதே தேடலில் இருக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்பதால் பார்த்ததையும் யோசித்ததையும் எழுதிவைக்கிறேன்.

லண்டனில் எங்கள் குடும்பங்களுக்கு முன்னால் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, ஒரு சமயத்தைச் சார்ந்த பள்ளி. கத்தோலிக்கப் பள்ளிகளும் இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளிகளும் நிறைய உண்டு. அரசின் பணத்தில் நடக்கும் முதல் இந்துப் பள்ளியான கிருஷ்ணா அவந்தி ஆரம்பப் பள்ளி 2008இல் ஹாரோவில் தொடங்கியது. இரண்டாவது, எந்தச் சமயத்தையும் சாராத உள்ளூர்ப் பள்ளி. அங்கும் சமயபாடம் சட்டப்படி உண்டு; ஆனால் பல சமயங்களையும் பற்றியது. இவை போக, அந்தப் பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையும் பெற்றோருக்கு இருக்கிறது. காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் இரண்டாவது வழியைத் தெரிந்தோம். இனி எழுதுவதெல்லாம் அந்தச் சாய்வோடுதான்.

முதலில் சொந்தச் சமயத்தைப் பள்ளியில் படிப்பது. இது எனக்கு யாழ்ப்பாணத்தில் படித்தே தெரிந்த விஷயம். இலங்கையில் சமயம் கட்டாயபாடம், பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரணதரப் பரீட்சை வரைக்கும். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று தனித்தனிப் பாடங்கள். பிள்ளை தன் வீட்டுச் சமயத்தைப் படிக்கும். பாடத்திட்டம் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் தயாராகும். புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து இலவசமாக வரும்.

இதன் நோக்கத்தில் குழப்பமே கிடையாது. மிஷன் பாடசாலைகளில் பைபிள் படித்த சைவப் பிள்ளைகள் மதம் மாறிக்கொண்டிருந்த காலத்தில், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளையைச் சைவத்தில் நிலைநிறுத்துவதே குறிக்கோள். மெதடிஸ்த மிஷனரியான பீற்றர் பேர்சிவலோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். மிஷனரிமாரின் கற்பித்தல் முறையை உள்ளிருந்து கண்டவர். கேள்வி ஒன்று, அதற்கு விடை ஒன்று என்ற அந்த முறையையே எடுத்து ‘சைவ வினாவிடை’ செய்தார். அன்றைய நிலைமைக்கு அது தேவையான வேலை. இன்றைய சைவநெறி பாடத்திலும் அந்த நோக்கத்தின் சாயல் இருக்கிறது.

அந்தப் பாடம் எனக்குத் தந்தது கொஞ்சமல்ல. பஞ்சபுராணம் ஓத வரும். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் என்ற ஒழுங்கு இன்றைக்கும் பிசகாது. சம்பந்தர் கோணேசரையும் கேதீச்சரத்தையும் பாடியதைப் படிக்கும்போது, எங்கள் கடற்கரைகள் அந்தப் பாட்டுக்குள் இருக்கின்றன என்ற எண்ணமே பெரிய விஷயம். சரியை, கிரியை, யோகம், ஞானம். பதி, பசு, பாசம். விளங்கியதோ இல்லையோ, இந்தச் சைவசித்தாந்தச் சொற்கள் உள்ளே போய்விட்டன. பல வருஷம் கழித்து அவை விளங்கத் தொடங்கியபோது தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அப்புறம், என் தமிழில் பாதி அந்தப் பாடத்தில்தான் வந்தது. நாயன்மார் குருபூசைக்குப் பேசப் பழகியதும் அங்கேதான். இதை லண்டனில் எந்த உள்ளூர்ப் பள்ளியும் தராது.

இனி அதன் மறுபக்கம். சமயபாட மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போவார்கள். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வருவார்கள். என் பக்கத்து வாங்கில் இருந்தவன் கழுத்தில் செபமாலை போட்டிருந்தான். அதில் எத்தனை மணி, ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு என்ன சொல்வார்கள் என்று அவனிடம் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவனும் என் விபூதியைப் பற்றிக் கேட்டதில்லை. பகை எதுவும் கிடையாது, நல்ல சிநேகிதர்கள். ஆனால் சமயம் என்றால் ஆளுக்கொரு அறைக்குப் பிரிந்து போகும் விஷயம் என்பதைப் பாடசாலையே எங்களுக்குப் பழக்கிவிட்டது. புத்தகத்தில் இல்லாத அந்தப் பாடம், புத்தகத்தில் இருந்ததைவிட ஆழமாகப் பதிந்தது.

இனி இங்கிலாந்து. 1944ஆம் ஆண்டுச் சட்டம் சமயபோதனையைக் கட்டாயமாக்கியபோது அது நடைமுறையில் கிறிஸ்தவம்தான். எந்தச் சபைக்கும் சாயாத பொதுவான கிறிஸ்தவம். குடியேறிகள் வந்து வகுப்பறைகள் மாறிய பிறகு பாடமும் மாறத் தொடங்கியது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967இல் சமயக் கற்கைத் துறையை நிறுவிய நினியன் ஸ்மார்ட், பள்ளியில் சமயத்தைப் பரப்புவது வேறு, சமயத்தை விளங்கிக்கொள்ளச் செய்வது வேறு என்று வாதிட்டார். 1975இல் பர்மிங்காம் நகரம் வகுத்த பாடத்திட்டம் மற்றச் சமயங்களோடு கம்யூனிசம் போன்ற சமயம் சாராத நிலைப்பாடுகளையும் சேர்த்தபோது பெரிய சண்டையே நடந்தது. பிறகு 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சமரசத்துக்கு வந்தது. நாட்டின் சமய மரபுகள் பிரதானமாகக் கிறிஸ்தவம் என்பதைப் பாடத்திட்டம் காட்ட வேண்டும். நாட்டில் உள்ள மற்ற முக்கிய சமயங்களின் போதனைகளையும் வழக்கங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்றுவரை இதுவே அடிப்படை. நாளாந்தக் கூட்டு வழிபாடு என்று ஒன்றும் சட்டத்தில் உண்டு; அது தனி விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த வரலாற்றையெல்லாம் விட எனக்கு முடிவைத் தந்தது ஒன்றுதான்: பரீட்சையில் பிள்ளையிடம் என்ன கேட்கிறார்கள் என்பது. நோக்கம் என்று பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் எல்லாரும் நல்லதே எழுதுவார்கள். ஒழுக்கம், பண்பு, பரஸ்பர மரியாதை, ஆன்மிக வளர்ச்சி. இலங்கைப் புத்தகத்திலும் இருக்கும், இங்கேயும் இருக்கும். அந்தப் பக்கத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு பிள்ளை எதற்குப் புள்ளி பெறுகிறது, எதற்கு இழக்கிறது என்பதைப் பார்த்தால் உண்மையான நோக்கம் வெளியே வந்துவிடும்.

என் சைவநெறி வினாத்தாள்களில் வந்தவை பெரும்பாலும் ஒரு மாதிரியானவை. பாடலைப் பூர்த்தி செய்க. இதைப் பாடியவர் யார்? மும்மலங்கள் எவை? ஒரு நாயனாரின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதுக. சரியான விடை புத்தகத்தில் இருக்கும், அதைத் திருப்பித் தந்தால் முழுப் புள்ளி. கண்ணப்பர் கண்ணைப் பெயர்த்தெடுத்த கதையை அழகாக எழுதினேன், புள்ளியும் கிடைத்தது. அந்தப் பக்தியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், அதே இறைவனுக்கு ஆகம விதிப்படி பூசை செய்த சிவகோசரியார் பக்கத்தில் நியாயம் ஏதும் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத எவ்வளவோ இருந்தது.

இங்கே ஜிசிஎஸ்இ, அதாவது பதினாறு வயதில் எழுதும் பொதுப் பரீட்சையில், சமயக் கற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த புதிய திட்டப்படி இரண்டு சமயங்களை ஆழமாகப் படிக்க வேண்டும். ஏக்யூஏ என்ற பரீட்சை வாரியத்தின் வினாத்தாளில் ஒவ்வொரு பிரிவும் 1, 2, 4, 5, 12 புள்ளிகள் என்று ஏறிக்கொண்டு போகும். சின்னக் கேள்விகள் நினைவைச் சோதிப்பவை. எங்கள் காலத்து வினாக்களுக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஐந்து புள்ளிக் கேள்விக்குப் புனித நூலிலிருந்தோ வேறு சமய ஆதாரத்திலிருந்தோ சான்று காட்ட வேண்டும். பன்னிரண்டு புள்ளிக் கேள்விதான் முக்கியம். ஒரு கூற்றைத் தருவார்கள். ‘கோயிலுக்குப் போவதைவிடப் பிறருக்குத் தொண்டு செய்வதே ஓர் இந்துவுக்கு முக்கியம்’ என்பது போல ஏதாவது. அதை ஆதரித்து நியாயங்கள் எழுத வேண்டும். மாறான கருத்துக்கும் நியாயங்கள் எழுத வேண்டும். அந்தச் சமயத்தின் போதனையைத் தொட்டுப் பேச வேண்டும். கடைசியில் காரணத்தோடு ஒரு முடிவுக்கு வரலாம். எந்த முடிவுக்கு வந்தாலும் அதற்காகப் புள்ளி குறையாது. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் குறையும்.

அதாவது, தனக்கு உடன்பாடில்லாத ஒருவரின் தரப்பை, அவரே படித்தாலும் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு எழுதப் பிள்ளை பழக வேண்டும். இது பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும் என்று பயப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். என் மாமியாரே கேட்டார்: “சின்னப் பிள்ளையிட்ட கடவுள் இருக்கிறாரா இல்லையா எண்டு ரெண்டு பக்கமும் எழுதச் சொன்னா அது எங்க போய் நிக்கும் பிள்ளை?” நியாயமான பயம். ஆனால் எங்கள் மரபே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சைவசித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதியாக இருப்பதைச் சைவநெறி படித்த எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் என்ன செய்கிறார்? உலகாயதன் சொல்வது, பௌத்தன் சொல்வது, சமணன் சொல்வது என்று ஒவ்வொரு எதிர்த்தரப்பையும் முதலில் எடுத்து வைக்கிறார். பிறகே மறுக்கிறார். தன் கட்சி வருவது அதற்கும் பின்னால், சுபக்கத்தில். மறுப்பதற்காகவே அவர் எடுத்து வைத்தார் என்பது உண்மை. பள்ளிப் பரீட்சைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனாலும் எதிர்த்தரப்பை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் தன் தரப்பில் நிற்க முடியாது என்பதில் இரண்டும் ஒன்று. அந்த நூல் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்ட என் வினாத்தாள், அதில் உள்ளதைச் செய்துபார் என்று சொல்லவில்லை. மகளின் வினாத்தாள் சொல்லப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கேள்விக்கு ஆயத்தமாகும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒரு நாள் மகள் வீட்டுக்கு வந்து, நோன்பு பற்றிய பாடத்தில் ஆசிரியை சொன்னதற்கும் தன் முஸ்லிம் தோழி வீட்டில் நடப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்தத் தோழியே எழும்பி விளக்கியதைச் சொன்னாள். வருத்தக்காரரும் பிரயாணத்தில் இருப்பவரும் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் வாழும் நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு.

இனி இந்த வழியின் குறைகள். முதலாவது, எங்கள் சமயத்தை இங்கே காட்டும் விதம். ஆரம்பப் பள்ளியில் தீபாவளி என்றால் ராமரும் சீதையும் அயோத்திக்குத் திரும்பிய கதை. நரகாசுரன் பெயரே இல்லை. இந்து சமயம் என்ற தலைப்பில் வருவது பிரம்மம், மும்மூர்த்தி, கர்மம், தர்மம். பிள்ளை மாவிளக்கும் காவடியும் கண்ட ஹைகேட் முருகன் கோயிலோ ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலோ அதற்குள் அடங்காது. தேவாரம் என்ற சொல்லே வராது. “அப்பா, நாங்கள் உண்மையாகவே இந்துக்களா?” என்று எட்டு வயதில் மகள் கேட்டாள். பாடத்தில் படித்ததையும் வீட்டில் கண்டதையும் அவளால் பொருத்த முடியவில்லை.

இதே குறை ஊரிலும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் காலத்துச் சைவநெறிப் புத்தகத்தின் முன்வரிசையில் இருந்தது ஆகமச் சைவம். மட்டக்களப்பின் கண்ணகி அம்மன் சடங்குக்கும் மலையகத் தோட்டங்களின் மாரியம்மன் திருவிழாவுக்கும் அதில் பின்வரிசைதான். யார் உட்கார்ந்து எழுதுகிறார்களோ அவர்களின் சமயமே பாடமாகிறது. வித்தியாசம், இங்கே அந்த மேசை கிட்ட இருக்கிறது. ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதியிலும் சமயக் கல்விக்கு ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் நாலு பிரிவு: இங்கிலாந்துத் திருச்சபை, மற்றக் கிறிஸ்தவ சபைகளும் மற்றச் சமயங்களும், ஆசிரியர்கள், உள்ளூராட்சி சபை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வாக்கு. பாடத்திட்டத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மீள்பார்வை செய்தாக வேண்டும். கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போகலாம். நானும் போய்ப் பார்த்தேன். இந்துப் பிரதிநிதியாக இருந்தவர் குஜராத்தி, நல்ல மனிதர். தமிழர் வழிபாட்டைப் பற்றிப் பேசினால் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். எங்கள் கோயில்களிலிருந்து ஒருவரும் அங்கே போவதில்லை. தேர்த்திருவிழாவுக்கு வீதி மறிக்க மாநகர சபையோடு பேசத் தெரிந்த எங்கள் நிர்வாக சபைகளுக்கு இது பெரிய வேலையே இல்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. செகண்டரி பள்ளிகளில் பெரும்பாலானவை இன்று அகடமிகள், அதாவது உள்ளூராட்சி சபையின் கீழ் இல்லாமல் அரசிடமிருந்து நேரடியாகப் பணம் பெறுபவை. உள்ளூர்ப் பாடத்திட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. 1988ஆம் ஆண்டுச் சமரசத்துக்குள் நின்று தாங்களே வகுத்துக்கொள்ளலாம். அதனால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளில் பாடம் வேறு வேறாக இருக்கும். உள்ளூர்ப் பாடத்திட்டங்களை விட்டு, நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஓர் உரித்து வேண்டும் என்றும், சமயம் சாராத வாழ்க்கைப் பார்வைகளும் பாடத்தில் முறையாக இடம்பெற வேண்டும் என்றும் சமயக் கல்வி ஆணைக்குழு 2018இல் பரிந்துரைத்தது. இரண்டாவது பரிந்துரை எனக்கு உடன்பாடு. முதலாவதில் தயக்கம், மேசை தூரப் போய்விடும் என்பதால்.

இரண்டாவது குறை ஆழமின்மை. ஆறு சமயங்களை வாரத்துக்கு ஒரு பாடவேளையில் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் நிலைக்காது. ஒரு பதிகத்தை முழுதாக நெஞ்சில் வாங்கும் அனுபவத்துக்கு இங்கே இடமில்லை. இதற்கு எங்களிடம் உள்ள வழி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் வெள்ளிக்கிழமைக் கோயிலும்தான். ஓதுவதும் வணங்குவதும் கோயிலிலும் வீட்டிலும். விளங்கிக்கொள்வதும் கேட்பதும் பள்ளியில். இந்தப் பிரிப்பு எங்களுக்குச் சரிவருகிறது. கிட்ட ஒரு கோயிலும் தமிழ்ப் பள்ளியும் இல்லாத ஊரில் இருந்திருந்தால் இதே முடிவை இவ்வளவு தெளிவாக எடுத்திருப்பேனா என்பது சந்தேகம்.

சொந்தச் சமயத்தையே பள்ளியில் கற்பிப்பது பன்மத நாட்டில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு பாடம். 1984இல் உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் சமய அறிவைக் கட்டாயமாக்கினார்கள். பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி என்று ஆறு தெரிவுகள். நல்லொழுக்கம் வளர்ப்பதே நோக்கம். ஆனால் சில வருஷத்திலேயே சமயப் பற்று தீவிரமாகி, மதம் மாற்றும் முயற்சிகளும் கூடுவதைக் கண்டு அரசு யோசித்தது. 1989இல் கைவிட முடிவெடுத்தார்கள். அடுத்த ஆண்டே சமய நல்லிணக்கத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. பள்ளிப் பாடம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளைச் சமயவாரியாகப் பிரித்துவிட்டு ஒற்றுமையை எதிர்பார்க்க முடியாது என்பது அங்கே ஐந்தாறு வருஷத்தில் தெரிந்துவிட்டது.

பள்ளியில் சமயமே வேண்டாம் என்பது இந்தியாவின் வழி. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமயபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்லும் பள்ளி அனுபவம் எல்லாம் நீதிபோதனை வகுப்புதான். கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போக, மற்றவர்களுக்கு நல்லொழுக்கம். போதனை வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு, பின்னது தேவை என்று 1964-66இல் கோத்தாரி ஆணையம் சொன்னது. அதற்குத் தடையில்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் அப்படி ஒரு தனிப் பாடம் பள்ளிகளில் வேர்விடவில்லை. எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் வாட்ஸாப் கற்பிக்கிறது. சொந்தச் சமயம், எல்லாச் சமயங்கள், சமயமே வேண்டாம் என்ற மூன்று வழிகளிலும் எனக்குக் குறைவாகப் பிடித்தது இதுவே.

சமயப் பள்ளிகளைப் பற்றி நான் பேசக்கூடியது கொஞ்சம். பெற்றோர் வந்து பார்க்கவென்று பள்ளி வைக்கும் திறந்த நாளில் ஓர் இந்துப் பள்ளிக்குப் போனோம். அங்கே பிள்ளைகளை அனுப்பும் சிநேகிதர்களோடு பேசினோம். பிள்ளைகளின் ஒழுக்கமும் பள்ளியின் சூழலும் மனதைத் தொட்டன. மரக்கறிச் சாப்பாடு, தியானம், தன் சமயத்தைப் பற்றிக் கூச்சமில்லாத பிள்ளைகள். சிறுவயதில் கேலிக்கு ஆளான பிள்ளைக்கு அது பெரிய மருந்தாக இருக்கும், அதை மறுக்க முடியாது. எங்களைத் தடுத்தது, அது எங்கள் வீட்டுச் சைவமும் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து படிப்பதும் இல்லை என்பதுதான். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குப் பங்குக்கோயிலும் பள்ளியும் ஒரே கோட்டில் வரும்.

பாடத்திலிருந்து விலக்கிக்கொள்வதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போகும் நாளுக்கு மட்டும் மறிக்கலாமா என்று கேட்கும் தமிழ்ப் பெற்றோர் உண்டு. அடுத்த மாதம் அதே வகுப்பு எங்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும்போது, இன்னொரு பெற்றோரும் அப்படியே மறித்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்? வேல்ஸில் புதிய பாடத்திட்டம் 2022இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியபோது விலக்கும் உரிமையையே எடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்த ஆண்டு தேடுபவர்கள் திறந்த நாளில் கேட்க வேண்டியவை சில. சமயபாடத்தை அந்தப் பாடத்தில் பயிற்சி பெற்றவர் எடுக்கிறாரா, அல்லது நேரம் மிஞ்சிய வேறு பாட ஆசிரியரா? இது எல்லாவற்றையும் மாற்றும்; நல்ல பாடத்திட்டத்தையும் ஒரு சலித்த ஆசிரியர் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார். ஜிசிஎஸ்இக்கு எந்த இரண்டு சமயங்கள்? இந்து சமயம் தெரிவில் இருந்தாலும் பல பள்ளிகள் அதை எடுப்பதில்லை. பத்தாம், பதினோராம் ஆண்டில் அந்தப் பாடவேளை உண்மையாகவே நடக்கிறதா, கால அட்டவணையில் பெயருக்கு இருக்கிறதா? பிள்ளைகளின் கொப்பி ஒன்றை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். வண்ணம் தீட்டிய விளக்குப் படங்கள் மட்டும் இருந்தால் யோசியுங்கள். பிள்ளை எழுதிய ஒரு நியாயத்துக்குக் கீழே ஆசிரியர் இன்னொரு கேள்வியை எழுதியிருந்தால் அந்தப் பள்ளியை மேலே போடுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒக்டோபர் 31. சமயப் பள்ளிக்கும் போடுவதென்றால் துணைப் படிவம் தனியாகக் கேட்பார்கள்; கோயிலிலோ தேவாலயத்திலோ கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால் செப்டெம்பரிலேயே போய்விடுங்கள்.